கணவர் வளைகுடாவில், மனைவி ஊரில்: எந்தக் கருத்தடை ஏற்றது?

கருத்தடையே ஹராம் என்பவர்களும், எதைச் செய்தாலும் குற்றமில்லை என்பவர்களும் குளச்சலிலும் உண்டு, தேங்காய்ப்பட்டணத்திலும் உண்டு. மார்க்க நூல்கள் இரண்டையும் சொல்லவில்லை. குர்ஆன் இறங்கிய காலத்திலேயே நாங்கள் அஸ்ல் (விந்தை வெளியே விடுவது) செய்துவந்தோம் என்ற நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிப்பு புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. அதைக் கண்டிக்கும் ஜுதாமா (ரலி) அறிவிப்பும் முஸ்லிமில் இருக்கிறது. இமாம் நவவி அஸ்லை மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்றார். இமாம் கஸ்ஸாலியோ, பிரசவத்தில் மனைவியின் உயிருக்கு ஆபத்து வருமோ, பிள்ளைகள் பெருகி நெருக்கடி வருமோ என்ற அச்சங்களைக்கூட ஏற்கத்தக்க காரணங்களாகச் சொன்னார். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) அகாடமி, கணவனும் மனைவியும் கலந்து பேசி, தீங்கில்லாத தற்காலிக வழியில் இடைவெளி விடலாம் என்று முடிவெடுத்தது. தகுந்த அவசியம் இல்லாத நிரந்தரக் கருத்தடையைத் தடுத்தது.

ஆகவே தற்காலிக வழிகளுக்குள்தான் போட்டி. அஸ்லை மட்டும் நம்பினால் ஒரு வருடத்தில் 100 பேரில் சுமார் 20 பேர் கருத்தரிக்கிறார்கள். ஆணுறையில் சுமார் 13. அடுத்த பிள்ளை கொஞ்சம் முந்தினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு, கணவர் இரண்டு மாத லீவில் வந்து போகும் வீட்டில், ஆணுறையே போதும். அந்த இரண்டு மாதத்துக்காக வருடம் முழுக்கத் தினமும் மாத்திரை விழுங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதம் காக்கும், தாய்ப்பால் குறையாது. ஆனால் நிறுத்திய பிறகு மீண்டும் கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம். கணவர் வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறார், அடுத்த லீவில் பிள்ளை வேண்டும் என்றால் இது இடிக்கும். கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி அப்படியில்லை. எடுத்த உடனே கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடும். வகையைப் பொறுத்து 5 அல்லது 10 வருடம் இருக்கும், தவறுவதும் 100இல் ஒருவருக்கும் குறைவு. வளைகுடா குடும்பத்துக்கு என் தேர்வு இதுதான்.

இரத்தப்போக்கைப் பற்றி டாக்டர்கள் சொல்வார்கள், தொழுகையைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். காப்பர் டி போட்ட முதல் சில மாதம் மாதவிடாய் கூடுதலாக, நீளமாக வரலாம். ஊசியில் விட்டுவிட்டுக் கசியும். ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) ஹைளு, அதாவது மாதவிடாய், அதிகபட்சம் 15 நாள், ஹனஃபியில் 10. அதைத் தாண்டி வருவது இஸ்திஹாளா, மாதவிடாயில் சேராத உதிரப்போக்கு. அந்த நாட்களில் தொழுகையும் நோன்பும் கடமை. முன்பு வழக்கமாக எத்தனை நாள் வந்தது, நிறம் எப்படி என்பதை ஒரு காகிதத்தில் குறித்துவைத்து ஆலிமிடம் கேளுங்கள். தெரியாமல் மாதக்கணக்கில் தொழுகையை விட்டுவிடும் பெண்களை நினைத்தால் மனசு கனக்கிறது. இந்தச் சிக்கலே வேண்டாம் என்பவர்களுக்கு ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இருக்கிறது: முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒன்று. பாலூட்டும்போதும் சாப்பிடலாம். மாதவிடாய் தள்ளிப்போவது சிலருக்கு உண்டு.

நிரந்தரக் கருத்தடை ஆபரேஷன் வேறு கணக்கு. இன்னொரு பிரசவம் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் உறுதியாகச் சொன்னால், மார்க்கம் வழிவிடுகிறது. இரண்டு பிள்ளை போதும் என்பது மட்டும் அந்த அவசியத்தில் சேராது. அடைத்த குழாயைத் திரும்பச் சேர்க்கும் அறுவைசிகிச்சை இருந்தாலும் பலன் உறுதியில்லை. அத்தோடு, இரண்டு வருடப் பாலூட்டலைச் சொல்லும் குர்ஆன் 2:233 வசனமும், அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாத இடைவெளி கேட்கும் உலக சுகாதார நிறுவனமும் ஏறக்குறைய ஒரே காலத்தைத்தான் சொல்கின்றன. அதற்குத் தற்காலிக வழியே தாராளம்.

காப்பர் டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயும் போடலாம். ஆசாரிப்பள்ளமோ தக்கலையோ, எங்கே பிரசவம் என்றாலும் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே கணவரோடு போனில் பேசி முடிவெடுங்கள், பெண் மருத்துவரைக் கேளுங்கள். வலி வந்து படுத்திருக்கும்போது நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.