வெளிப்புற பி.டி.இசட் கேமரா: மூன்றாம் வருஷத்தில் எது நிற்கிறது

பக்கவாட்டில் திரும்பி, மேலும் கீழும் சாய்ந்து, ஜூம் செய்யும் பி.டி.இசட் கேமரா வாங்கும்போது எல்லார் கண்ணும் முதலில் போவது ஜூம் எண் மேல்தான். 25 மடங்கா, 32 மடங்கா, 40 மடங்கா என்று ஒப்பிட்டுப் பெரிய எண்ணாகப் பார்த்து எடுப்பார்கள். கம்பத்தில் ஏற்றி இரண்டு மூன்று மழைக்காலம் போன பிறகு அந்த எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்போது எழும் கேள்வியே வேறு: வாசல் கேட்டுக்கென்று சேமித்து வைத்த மூன்றாம் ப்ரீசெட்டை அழுத்தினால் கேமரா இன்னும் கேட்டில் போய் நிற்கிறதா, பக்கத்துச் சுவரைக் காட்டுகிறதா? உயர்தர மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் முதலில் இந்தக் காரியத்துக்குப் போக வேண்டும்.

ப்ரீசெட் ஏன் நகர்கிறது? தலையைத் திருப்புவது பெரும்பாலும் சிறு சிறு ஸ்டெப்பாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார். பெல்ட் அல்லது பல்சக்கரம் வழியாக அசைவு போகிறது. விலை குறைந்த வகைகளில், மோட்டாருக்கு எத்தனை ஸ்டெப் அனுப்பினோம் என்று எண்ணித்தான் கேமரா தன் நிலையை அறிகிறது. பலத்த காற்றில் தலை சற்றுத் திரும்பினாலும், குளிரில் இறுகிய கிரீஸால் மோட்டார் சில ஸ்டெப்களைத் தவறவிட்டாலும், துடைக்க ஏறியவர் கை பட்டு நகர்ந்தாலும் அதற்குத் தெரியாது. ரீஸ்டார்ட் ஆகி, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே இருக்கும் நிலைக்குறி சென்சாரைத் தாண்டும்போதுதான் கணக்கு மறுபடி சரியாகும். உயர்தர வகைகளில் அச்சிலேயே தலையின் உண்மையான நிலையை அளக்கும் என்கோடர் இருக்கும். ஏதாவது தட்டி நகர்ந்தாலும் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். என்கோடர் இல்லாத கேமரா ஏற்கெனவே கையில் இருந்தால், வாரம் ஒரு முறை பகல் நேரத்தில் தானியங்கி ரீஸ்டார்ட் வைத்துவிடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே குறையும்.

இந்தப் பிழை எவ்வளவு பெரியது என்பது ஜூமைப் பொறுத்தது. 1/2.8 அங்குல சென்சார், 4.8 முதல் 120 மி.மீ. வரை போகும் 25 மடங்கு லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ஜூமில் பார்வைக் கோணம் சுமார் 2.5 டிகிரிதான். தலை 1 டிகிரி பிசகினால் படத்தில் 40 சதவீதம் நகர்ந்துபோகும், 0.1 டிகிரி பிசகினால் 4 சதவீதம். அகலக் கோணத்தில், சுமார் 57 டிகிரி தெரியும்போது, அதே 1 டிகிரிப் பிழை கண்ணுக்கே படாது. கடையில் அகலக் கோணத்தில் காட்டும் டெமோவில் எல்லாக் கேமராவும் ஒன்றுபோலத் தெரிவது இதனால்தான்.

அடுத்தது தேய்மானம். எட்டு ப்ரீசெட்டை வரிசையாகச் சுற்றும் டூர் போட்டு, ஒவ்வொன்றிலும் 10 வினாடி நிறுத்தி, நகர 2 வினாடி எடுத்தால், நாளுக்கு 7,200 அசைவு. வருஷத்துக்கு 26 லட்சத்துக்கு மேல். நிறுத்தும் நேரத்தை 60 வினாடியாக்கினால் அது ஏறத்தாழ 5 லட்சமாக இறங்கிவிடும். நாள் முழுக்க டூர் ஓட்டும் கேமராவில் முதலில் பெல்ட் தளரும், பிறகு ஸ்லிப் ரிங் தேயும். நிற்காமல் 360 டிகிரி சுற்றும் கேமராக்களில் மின்சாரம் தலைக்குப் போவதும் படம் அங்கிருந்து வருவதும் இந்த ஸ்லிப் ரிங் வழியாகத்தான். அது தேய்ந்தால் வரும் அடையாளம் தெளிவானது: தலை ஒரு குறிப்பிட்ட திசைக்கு வரும்போது மட்டும் படம் கிழியும், அல்லது இணைப்பு அறுந்து கேமரா மறுபடி தொடங்கும். நெட்வொர்க் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குவதற்கு முன், கோளாறு எந்தக் கோணத்தில் வருகிறது என்று குறித்து வையுங்கள். வாரன்டித் தாளில் 3 வருஷம், 5 வருஷம் என்று போட்டிருந்தாலும், அசையும் பாகங்களும் தொடர்ந்து ஓடும் டூரும் அதில் அடங்குமா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஜூமுக்கு வருவோம். மடங்கு என்பது வெறும் விகிதம். 4.8 முதல் 120 மி.மீ. லென்ஸும் 25 மடங்குதான், 6 முதல் 150 மி.மீ. லென்ஸும் 25 மடங்குதான்; தூரத்தில் இரண்டும் ஒன்றல்ல. சென்சார் பெரிதானால் அதே 120 மி.மீ. இன்னும் அகலமாகக் காட்டும். ஆகவே விவரத்தாளில் பார்க்க வேண்டியது முழு ஜூமில் கிடைக்கும் கோணத்தின் டிகிரி. கண்காணிப்புக் கேமராக்களுக்கென 2014-ல் வந்த ஐ.இ.சி. 62676-4 தரநிலைப்படி ஆள் இருக்கிறார் என்று கண்டறிய மீட்டருக்கு 25 பிக்சல், தெரிந்த முகமா என்று உணர 125, இன்னார் என்று உறுதி செய்ய 250 வேண்டும். 2560 பிக்சல் அகலப் படத்தில் 2.5 டிகிரிக் கோணம், 200 மீட்டர் தூரத்தில் சுமார் 8.7 மீட்டர் அகலத்தைக் காட்டும். அதாவது மீட்டருக்கு 290-க்குச் சற்று மேல். கணக்குப்படி முகம் தெரியும். அதே கேமரா அகலக் கோணத்தில் நின்றால் 50 மீட்டரிலேயே மீட்டருக்கு 47 பிக்சல்தான். ஆள் நடமாட்டம் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. வெயிலில் தரையிலிருந்து எழும் வெப்ப அலையும் தூசியும் அந்த 200 மீட்டர் கணக்கையும் குலைக்கும். 150 மீட்டருக்குள் வேலை முடியும் இடத்தில் 40 மடங்குக்குப் பணம் போடுவதைவிடப் பெரிய சென்சாருக்குப் போடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் இரவு. அகலத்தில் எஃப்1.6 திறப்பு (எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) இருக்கும் லென்ஸ் ஜூம் செய்யச் செய்ய எஃப்4 பக்கம் போய்விடும். உள்ளே வரும் வெளிச்சம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. ஈடுகட்ட கேமரா ஷட்டரை நீட்டும், நடக்கும் ஆள் புகை மாதிரி கரைந்துபோவார். இரவில் ஷட்டரை 1/100 வினாடிக்கு மேல் நீளாதபடி பூட்டி வையுங்கள். படம் கொஞ்சம் இருண்டு புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் முகத்தின் வடிவம் மிஞ்சும். வண்டி எண் வேண்டுமென்றால் அதற்கு 1/500 முதல் 1/1000 வரை தேவை. அதைத் தனிக் கேமராவுக்கு விட்டுவிடுங்கள்.

ஃபோகஸில் ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது, பலர் தொடுவதே இல்லை: குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது 1 மீட்டர், 1.5 மீட்டர் என்று இருக்கும். மழைத்துளியோ சிலந்தி நூலோ கண்ணாடி முன் வந்தால் கேமரா அதைப் பிடிக்கப் போய்த் தூரத்துக் காட்சி முழுவதையும் மங்கலாக்கிவிடும். அதை 5 மீட்டர் அல்லது அதற்கு மேல் வைத்து, தலை நகர்ந்து நின்ற பிறகு மட்டும் ஒரு முறை ஃபோகஸ் செய்யும் பாதித் தானியங்கி முறைக்கு மாற்றினால், இரவெல்லாம் முன்னும் பின்னும் தேடும் வியாதி பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டோம் மூடிய வகையா, லென்ஸ் வெளியே தெரியும் வகையா? டோம் பார்ப்பதற்கு அடக்கமாக இருக்கும், எங்கே பார்க்கிறது என்றும் எதிராளிக்குத் தெரியாது. ஆனால் பாலிகார்பனேட் டோம் காலப்போக்கில் வெயிலில் மங்கும், தூசியோடு துடைத்தால் கீறல் விழும், கீறலில் தெருவிளக்கு பட்டால் படம் வெளுக்கும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவி, பிறகுதான் மைக்ரோஃபைபர் துணி வைக்க வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் கூடவே கூடாது. ஆக்சிஸின் உயர்தர டோம்களில் ஸ்பீட் ட்ரை என்று ஒரு வசதி உண்டு. டோமைக் குலுக்கி மழைத்துளியை உதிர்க்கிறது. லென்ஸ் தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வகையில் வைப்பர் வரும். போஷின் எம்.ஐ.சி. வரிசை இந்த வகை: உலோக உடல், டோம் கிடையாது, வைப்பர் உண்டு. புழுதியும் உப்புக்காற்றும் அடிக்கும் இடத்துக்கு இதுவே சரி. வைப்பர் ரப்பரை வருஷம் ஒரு முறை மாற்றுங்கள். காய்ந்த தூசியில் அதை ஓட்டினால் கண்ணாடியில் வட்டமாகக் கோடு போட்டுவிடும்.

இரவுப் பார்வைக்கு அகச்சிவப்பு ஒளி தரும் ஐ.ஆர். விளக்கு உள்ளேயே இருந்தால் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். விளக்குக்கு முன்னால் ஒரே ஒரு நூல் தொங்கினாலும் இரவில் திரை முழுக்க வெள்ளைக் கோடு. முடிந்தால் ஐ.ஆர். விளக்கைத் தனியாக, கேமராவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள்.

மின்சாரத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அடையாளம் இப்படி இருக்கும்: பகலெல்லாம் கேமரா ஒழுங்காக ஓடும். இருட்டி ஐ.ஆர். எரிய ஆரம்பித்த பிறகு, தலை திரும்பும் அந்த நொடியில் ரீஸ்டார்ட் ஆகும். குளிர்ப் பிரதேசத்தில் ஹீட்டரும் சேர்ந்தால் விடியும்வரை இதே கதை. கேமரா பழுது என்று கழற்றி அனுப்புவார்கள்; மேசையில் வைத்துச் சோதித்தால் எந்தக் கோளாறும் தெரியாது. நடப்பது இதுதான்: நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை பி.ஓ.இ.; அதில் பி.ஓ.இ. பிளஸ் எனப்படும் 802.3ஏடி (802.3at), சுவிட்சில் 30 வாட் கொடுத்தாலும் கேமராவுக்கு உறுதியாக வந்து சேருவது 25.5 வாட். ஐ.ஆர்., மோட்டார், ஹீட்டர் மூன்றும் ஒன்றாகக் கேட்கும் பெரிய பி.டி.இசட்டுக்கு அது போதாது. 802.3பிடி (802.3bt) வகையில் 60 வாட் கொடுத்தால் 51 வாட் வந்து சேரும். விவரத்தாளில் உள்ள உச்ச வாட்டைப் பார்த்து, அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக வைத்து சுவிட்சோ, கேபிளில் மின்சாரம் சேர்க்கும் இன்ஜெக்டரோ எடுங்கள். சுவிட்சின் ஒரு போர்ட்டை மட்டும் பார்க்காமல் மொத்த வாட் வரம்பையும் பாருங்கள்.

கேபிளும் காலை வாரும். அலுமினியத்துக்கு மேல் தாமிரம் பூசிய சி.சி.ஏ. கேபிள் மலிவாகக் கிடைக்கிறது. அலுமினியத்தின் கடத்துதிறன் தாமிரத்தில் சுமார் 60 சதவீதம்தான் என்பதால் 70, 80 மீட்டர் தூரத்தில் மின்னழுத்தம் சரிந்துவிடும். கம்பி முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழுத் தாமிரக் கேட்6, 23 கேஜ், 100 மீட்டருக்குள். அதைத் தாண்டினாலோ, இடி அதிகம் விழும் இடமாக இருந்தாலோ, ஃபைபர் இழுத்துக் கம்பத்தடியில் தனி மின்சாரம் கொடுங்கள். உயரமான கம்பத்தில் நிற்கும் கேமரா இடியின் விருந்தாளி. செம்புக் கேபிள் வழியே அது கட்டடத்துக்குள் இருக்கும் ரெக்கார்டர் வரைக்கும் வந்துவிடும். சர்ஜ் புரொடெக்டரை கேமரா பக்கம் ஒன்று, சுவிட்ச் பக்கம் ஒன்று என்று இரண்டு போட்டு, இரண்டுக்கும் ஒழுங்கான எர்த் கொடுத்தால்தான் பலன். எர்த் இல்லாத புரொடெக்டர் வெறும் டப்பா.

தூசியும் தண்ணீரும் புகாது என்று சொல்லும் ஐ.பி.66, ஐ.பி.67 தரமெல்லாம் கேமரா உடலுக்குத்தான். தண்ணீர் புகுவது கேபிள் முனையில். ஆர்.ஜே.45 இணைப்பை வெளியே தொங்கவிடாமல் மூடிய பெட்டிக்குள் வையுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தாழ்ந்து வந்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பராமரிப்புக்காகக் கேமராவைத் திறந்தால் சிலிகா ஜெல் பொட்டலத்தைப் புதிதாகப் போட்டு மூடுங்கள். பழையதையே வைத்தால் அடுத்த குளிர்ந்த காலையில் உட்புறம் பனி படியும்.

உயரம் 4 முதல் 6 மீட்டர். 6 மீட்டரில் மாட்டினால் 20 மீட்டர் தள்ளி நிற்பவரின் முகத்தைச் சுமார் 12 டிகிரி மேலிருந்து பார்க்கும், பரவாயில்லை. 8 மீட்டர் தள்ளி நிற்பவரை ஏறத்தாழ 29 டிகிரியில் பார்க்கும். தொப்பி போட்டிருந்தால் தொப்பிதான் தெரியும். மெல்லிய கம்பத்தில் மாட்டினால் முழு ஜூமில் படம் ஆடிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன கணக்குதான்: கம்பம் 0.1 டிகிரி ஆடினால் 2560-ல் 100 பிக்சல் ஆடும். மின்னணு நிலைநிறுத்தம் கொஞ்சம் தாங்கும். சுவரோடு இறுக்கிய பிராக்கெட்டுக்கு ஈடாகாது.

ஆட்டோ டிராக்கிங்கை நம்பி ஒரே கேமராவில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: கேமரா ஒருவர் பின்னால் போகும்போது மற்ற எல்லாத் திசையும் குருடு. இரண்டு பேர் குறுக்கே கடந்தால் ஆள் மாறிவிடும். காற்றில் ஆடும் கிளை, தெருநாய், வண்டி விளக்கு எல்லாம் இழுத்துக்கொண்டு போகும். எந்த இடத்தைக் காக்க வேண்டுமோ அதை அசையாத கேமரா ஒன்று எப்போதும் பதிவு செய்துகொண்டிருக்கட்டும், பி.டி.இசட் அதற்குத் துணை. டிராக்கிங் முடிந்து 30 வினாடியில் தாய் நிலைக்குத் திரும்பும் பார்க் அமைப்பைக் கட்டாயம் போடுங்கள். ரியோலிங்க் டிராக்மிக்ஸ், ஹிக்விஷன் டேண்டம்வியூ போன்ற இரட்டை லென்ஸ் வகைகளில், எடுக்கப்போகும் மாடலின் அகல லென்ஸ் நிலையாக நிற்கிறதா, தலையோடு சேர்ந்து திரும்புகிறதா என்று பாருங்கள். சேர்ந்து திரும்பினால் குருட்டுப் பக்கம் அப்படியேதான் இருக்கும்.

பதிவில் இரண்டே விஷயம். பின்னணி அசையாது என்று நம்பி இடத்தை மிச்சப்படுத்தும் ஸ்மார்ட் கோடெக்கை அணைத்துவிடுங்கள். தலை திரும்பியதும் படம் கட்டம் கட்டமாக உடையும். முழுப் படத்தையும் புதிதாகப் பதியும் ஐ-ஃபிரேமின் இடைவெளியை 1 வினாடிக்குக் கொண்டுவாருங்கள். 8 எம்.பி.பி.எஸ். வேகத்தில் நாளுக்கு சுமார் 86 ஜி.பி., 30 நாளுக்கு 2.6 டி.பி. ஆகும்.

பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் வளைத்துப் போட்டுத்தான் 2016-ல் மிராய் என்ற தீநிரலின் இணையத் தாக்குதல் நடந்தது. கேமராவை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேண்டாம், பாதுகாப்பான தனி இணைப்பான வி.பி.என். போதும். கேமராவின் உள் மென்பொருளான ஃபார்ம்வேருக்கு எத்தனை வருஷம் புதுப்பிப்பு வரும் என்பதையும் விலையோடு சேர்த்தே எடை போடுங்கள். வேறு நிறுவன ரெக்கார்டரில் இணைப்பதாக இருந்தால் வெவ்வேறு நிறுவனக் கருவிகளை இணைக்கும் பொதுத் தரமான ஆன்விஃபின் புரொஃபைல் டி (Profile T) ஆதரவு இருக்கட்டும். அப்போதும் டிராக்கிங் அமைப்புகள் பெரும்பாலும் கேமராவின் சொந்தப் பக்கத்தில் மட்டுமே திறக்கும்.

கேமரா வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். கெட்டியான இடத்தில் பொருத்தி, முழு ஜூமில் தூரத்து ஜன்னல் மூலை ஒன்றைப் படத்தின் நடுவில் வைத்து ப்ரீசெட் சேமியுங்கள். எதிர்த்திசையில் இன்னொரு ப்ரீசெட். இரண்டுக்கும் இடையே ஒரு ராத்திரி முழுக்க டூர் ஓடட்டும், ஐ.ஆர். எரியட்டும். காலையில் முதல் ப்ரீசெட்டை இடப்பக்கமிருந்து ஒரு முறை, வலப்பக்கமிருந்து ஒரு முறை வரவழைத்துப் படம் எடுத்து ஒப்பிடுங்கள். ஜன்னல் மூலை இரண்டு படத்திலும் வெவ்வேறு இடத்தில் நின்றால் பல்சக்கரத்திலோ பெல்ட்டிலோ தளர்வு இருக்கிறது. நாள் போகப் போக அது கூடுமே தவிரக் குறையாது. லாக் பக்கத்தில் இரவு நேர ரீஸ்டார்ட் பதிவாகியிருந்தால் முதலில் இன்ஜெக்டரையும் கேபிளையும் மாற்றிவிட்டு அதே சோதனையை அடுத்த ராத்திரியும் ஓட்டுங்கள்.