புது டயர் என்று மாட்டியது 2018 சரக்கு: மதுரையில் டயர் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

2024 மார்ச்சில் மதுரை பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் என் ஸ்விஃப்ட்டுக்கு நாலு டயரும் மாற்றினேன். அளவு 165/80 ஆர் 14. பேர்பெற்ற கம்பெனி டயர்தான், போலி இல்லை. அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். டயர் பளபளவென்று கறுப்பாக இருந்தது.

கோடை முடியுமுன் கோவில்பட்டிக்குக் குடும்பத்தோடு போகையில், சாத்தூர் தாண்டியதும் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. ஓரங்கட்டிப் பார்த்தால் முன் இடது டயரில் பட்டன் (ரோட்டில் படும் கட்டை ரப்பர்) ஒரு இடத்தில் மேடாக எழும்பி நிற்கிறது. பின் சீட்டில் என் இரண்டு பிள்ளைகள். நாலுவழிச்சாலை வேகத்தில் அது கிழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி டயரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எப்ப வாங்குனதுண்ணே?" என்றார்.

"மார்ச்லதான்."

"இல்லண்ணே, இது 2018 டயரு."

மாட்டியிருந்தபோது காரின் அடிப்பக்கம் பார்த்திருந்த உள்பக்கச் சுவரில், நீள்வட்டத்துக்குள் 3218 என்று இருந்தது. 2018ஆம் ஆண்டின் 32ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதத் தயாரிப்பு. இந்தத் தேதி பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். ஒரு டயர் அப்படி மாட்டப்பட்டிருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பேன். நாலிலும் தேதி உள்பக்கம் திரும்பியிருந்தது.

ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும். காற்றும் ஓசோனும் சூடும் சேர்ந்து அதை இறுக வைக்கும், இடுக்குகளில் மயிரிழை வெடிப்பு விழும், மழையில் பிடிப்பு குறையும், முற்றினால் உள்ளே இருக்கும் ஸ்டீல் பெல்ட்டிலிருந்து ரப்பர் விட்டுப்போகும். பட்டன் முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மேலே பாலிஷ் அடித்துவிட்டால் வெடிப்பும் தெரியாது. எம்.ஆர்.எஃப். அதிகம் உழைக்கும், மிஷெலின் சத்தம் போடாது என்று டிரைவர்கள் ஆளுக்கொரு அனுபவம் சொல்வார்கள். எந்தப் பேராக இருந்தாலும் ஐந்தரை வருஷம் குடோனில் வெந்த டயரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கடைக்காரர், "ஸ்டாக்ல இருந்தா அது புது டயர்தான் சார், ரோட்ல ஓடலையே" என்றார். கம்பெனி ஆளோ பில்லில் சீரியல் நம்பர் இல்லை என்று கையை விரித்துவிட்டார். அந்த இடத்தைக் கடை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்.

ஆகவே, ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னாலேயே நாலு டயரின் தேதியையும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சரக்கைக் கேளுங்கள், ஒரு வருஷம் தாண்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேதி வெளிப்பக்கம் வரும்படி மாட்டச் சொல்லுங்கள் ('அவுட்சைட்' என்றோ சுழலும் திசைக்கான அம்புக்குறியோ அச்சிட்ட டயரைத் திருப்பக் கூடாது). ஜி.எஸ்.டி. பில்லில் நாலு சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் அங்கே நிற்கவே வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் போட்டுவிட்டேன். பைபாஸ் ரோட்டுப் பக்கம் அந்த வருஷம் டயர் மாற்றியவர்கள் காரை ஜாக்கியில் ஏற்றி உள்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். பழைய தேதி இருந்தால் பில்லோடு எனக்கு எழுதுங்கள்.