மரத்தின் காயத்தில் தார் பூசுகிறவரை நம்பி ஏமாந்தோம், நீங்கள் ஏமாறாதீர்கள்

வாசலில் நிற்கும் மந்தாரைக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று வந்தவரை நம்பி, அதன் பெரிய கிளை ஒன்றை இழந்துவிட்டோம். பூமரம் வளர்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கண்ணில் பட்டது கவட்டைக்குச் சற்று மேலே ஒட்டியிருந்த மரத்தூள்தான். துடைத்துவிட்டால் மறுநாள் அதே இடத்தில் திரும்பவும் இருக்கும். அப்புறம் அங்கிருந்து பழுப்பாகப் பிசின் வடிந்தது. சில வாரங்களில் பட்டை கறுத்து உள்ளே அமுங்கியது, அந்தக் கிளையின் நுனியில் இலைகள் வாடத் தொடங்கின. பயந்துபோய் மர வைத்தியம் செய்கிறவர் என்று சொல்லப்பட்ட ஒருவரை அழைத்தோம்.

வந்தவர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "இது பூஞ்சணம், மூணு தடவை மருந்து கொடுத்தா சரியாயிடும்" என்றார். அடிமரத்தில் டிரில் வைத்து ஆறு துளை போட்டு, லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றினார். என்ன மருந்து என்று கேட்டதற்கு, "எங்க சொந்தக் கலவை" என்றார். கறுத்த பட்டையின் மேல் தாரைத் தடிமனாகப் பூசினார். வேரில் யூரியாவும் போடச் சொன்னார். மூன்று முறையும் கையில் பணம் வாங்கிக்கொண்டார், ரசீது தரவில்லை.

மழைக்குப் பிறகு தார் ஓரத்தில் விரிந்தது. பெயர்த்துப் பார்த்தால் உள்ளே சொதசொதவென்று ஈரம், புளித்த வாடை. கறுப்பு முன்பைவிட இரண்டு மடங்கு பரவியிருந்தது. முதலில் மரத்தூள் வந்த துளைக்குள் கம்பியை விட்டபோது, மரத்தைக் குடைந்த புழு உயிரோடுதான் இருந்தது! அதைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர் அந்தத் துளையை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவே இல்லை.

தாவர நோயியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவர் பிறகு வந்து பார்த்தார். பூச்சி போட்ட ஓட்டை வழியாகத்தான் பூஞ்சணம் உள்ளே போகிறது, புழுவை விட்டுவிட்டுப் பூஞ்சணத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தால் காயம் புதிதாகிக்கொண்டே இருக்கும் என்றார். பூஞ்சைக்கொல்லி நல்ல திசுவைக் காக்க உதவலாம், செத்த கட்டையை உயிர்ப்பிக்காது. மரம் நம் தோலைப் போலக் காயத்தை ஆற்றுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து 1970களில் இதை விளக்கினார். காயத்தில் பூசும் பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் ஆய்வில் தெரியவந்ததுதான். அப்படியென்றால் எங்கள் மரத்தில் போட்ட ஆறு துளைகளும் நல்ல கட்டையில் திறந்துவிட்ட ஆறு வாசல்கள். யூரியாவால் வந்த இளந்தளிரும் மரத்துக்கு வீண் சுமைதான்.

நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள் என்று அந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் சொல்லித் தந்தார். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்த இடம் போய்விட்டது. எங்கள் கிளையில் கவட்டை வரை பழுப்பு. அதனால் கிளையையே எடுக்க வேண்டியதாயிற்று. ரம்பத்தை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து, கிளையின் அடியில் வளையம் போலப் புடைத்திருக்கும் பகுதியைச் சேதப்படுத்தாமல் வெட்டினோம். வெட்டியதன் மேல் எதுவும் பூசவில்லை. அந்தக் கட்டையை அங்கேயே போட்டுவைக்காமல் அப்புறப்படுத்தினோம், உள்ளே இருக்கும் புழு வண்டாகி வெளியே வந்துவிடுமாம்.

உங்கள் மரத்தைப் பார்க்க யாராவது வந்தால், மருந்தின் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் மரத்தைத் தொட விடாதீர்கள். துளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தெளிப்பானை எடுக்கிறவரையும் அப்படியே அனுப்பிவிடுங்கள். அடிமரத்தில் குடைபோலக் காளான் முளைத்திருந்தால் உள்கட்டை ஏற்கெனவே அழுகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது மருந்துக்கு அலையாமல், மரம் சாயுமா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வெட்டிய இடத்தைச் சுற்றி இப்போது விரல் தடிமனுக்குப் புதுப் பட்டை உருண்டு வருகிறது. தார் பூசியவர் போட்ட ஆறு துளைகளில் இரண்டு இன்னும் கசிகின்றன.