குளியலறைத் தரைக்கு டைல்ஸ்: ஆள் வைப்பதா, நாமே இறங்குவதா?

எட்டுக்கு ஐந்தடி குளியலறை என்றால் 40 சதுர அடி. ஓரடி டைல் 40 வேண்டும். வெட்டிலும் உடைசலிலும் போவதற்கு நான்கு சேர்த்தால் 44. இருபது கிலோ டைல் பசை ஒரு மூட்டை கணக்குக்குச் சரியாக வரும், தரை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தால் இரண்டாவது மூட்டையைப் பிரிக்க வேண்டியிருக்கும். டைல்களுக்கு நடுவே விடும் 3 மி.மீ. இடைவெளியை அடைக்கும் கிரவுட் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும், இரண்டு கிலோவாக வாங்கி வைப்பது நல்லது. கைதேர்ந்தவருக்கு டைல் பதிப்பது ஒரு நாள் வேலை, புதிதாகக் கரணை பிடிப்பவருக்கு மூன்று நாள். அந்த இரண்டு நாள் வித்தியாசத்துக்குத்தான் கூலி என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும். ஆளுக்குக் கொடுக்கும் கூலி பெரும்பாலும் வாட்டத்துக்கு, அதாவது தண்ணீர் ஓடும்படி தரையைச் சாய்ப்பதற்கு.

குளியலறைத் தரை 80-க்கு 1 என்ற அளவிலாவது வடிகாலை நோக்கிச் சாய வேண்டும். எட்டடி நீளத்துக்கு அது 30 மி.மீ. இறக்கம். வடிகால் மூலையில் இருந்தால் தரை இரண்டு பக்கமாகச் சாயும், அங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கொத்தனார் சுவரைச் சுற்றி மட்டம் குறித்து, நூல் கட்டி, அங்கங்கே கலவைப் புள்ளி வைத்து, மட்டப்பலகையால் இழுத்துவிட்டுப் போய்விடுவார். நாமே செய்யும்போது நடப்பது வேறு. தரையை மட்டமாகவே விட்டுவிட்டு, பசையை ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் போட்டு வாட்டம் கொண்டுவரப் பார்ப்போம். சாதாரண டைல் பசை 3 முதல் 5 மி.மீ. கனத்துக்கு ஆனது. அதையே அரை அங்குலம் போட்டால் காயும்போது சுருங்கும், கனமாக இருக்கும் பக்கம் டைல் கீழே இறங்கும், பக்கத்து டைலின் விளிம்பு காலில் தட்டும்.

டைல் அளவையும் வாட்டத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். ஓரடி டைல் இருபக்கச் சாய்வுக்கு ஒத்துப்போகும். இரண்டடி டைல் போகாது, ஒரு முனை தூக்கிக்கொண்டே நிற்கும். அழகுக்காகப் பெரிய டைல்தான் வேண்டும் என்பவர்கள், வடிகாலுக்குக் குறுக்கே கோணமாக வெட்டிச் சாய்க்கத் தெரிந்த ஆளிடம் வேலையைக் கொடுத்துவிடட்டும். வழவழப்பான டைலைக் குளியலறைத் தரைக்கு யார் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

இனி ஆளின் பக்கத்துக் குறை. பழைய பழக்கத்தில், கலவையைப் பரப்பி அதன் மேல் சிமெண்ட் பால் ஊற்றி டைலை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டுவார்கள். தண்ணீர் உறிஞ்சும் பீங்கான் டைலுக்கு அது ஒத்துவந்தது. கண்ணாடிபோல இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல் தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு, வெறும் சிமெண்ட் அதைச் சரியாகப் பிடிக்காது. அதற்குப் பாலிமர் கலந்த பசை வேண்டும். பசை வாங்கிக் கொடுத்தாலும் சிலர் நாலு மூலைக்கும் நடுவுக்குமாக ஐந்து உருண்டை வைத்து அழுத்திவிடுவார்கள். வேகமாக முடியும், மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அடியில் உருண்டைகளுக்கு நடுவே காலியிடம், அதில் கசிவுநீர் தங்கும், கனமான வாளி விழுந்தால் அந்த இடம்தான் விரியும்.

இந்த ஒரு விஷயத்தில் பொறுமையான புதியவர் அவசரக்கார ஆளை ஜெயித்துவிடுவார். பல் வைத்த கரணையால் பசையை ஒரே திசையில் கோடு கோடாக இழுக்க வேண்டும். டைலை அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே லேசாக ஆட்டி அழுத்த வேண்டும். வைத்த முதல் டைலை உடனே பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் நசுங்கி, முதுகு முழுக்கப் பசை அப்பியிருந்தால் சரி. ஈரத்தரையில் குறைந்தது 95 சதவீதம் ஒட்ட வேண்டும். கோடுகள் அப்படியே நின்றால் இன்னும் பெரிய பல் உள்ள கரணை தேவை, அல்லது பசை மேலே ஆடை கட்டிவிட்டது. பரப்பிய பசைக்கு ஏறத்தாழ 20 நிமிடம்தான் ஆயுள், வெக்கையில் அதுவும் இல்லை. அதனால் ஒரு தடவைக்கு நாலைந்து டைலுக்கு மேல் பரப்பக் கூடாது.

டைலுக்கு முன் பூசும் நீர்த்தடுப்புப் பூச்சையும் சொந்தக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம், தூரிகை பிடிக்கத் தெரிந்தால் போதும். கஷ்டம் காத்திருப்பதில்தான், நாள் கூலிக்கு வந்தவருக்கு அது ஒத்துவராது. முதல் கோட் கிடைவாக்கில், அது காய்ந்தபின் இரண்டாவது கோட் நெடுவாக்கில். சுவரில் ஆறு அங்குலமாவது ஏற்ற வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் நாடா ஒட்டி அதன் மேல் பூச வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் குழாயின் கழுத்தில்தான் ஆரம்பிக்கும், அங்கே கூடுதலாக ஒரு கோட் கொடுத்தால் தப்பில்லை. நன்றாகக் காய்ந்தபின் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். கோட்டுக்குக் கீழே தண்ணீர் கண்கூடாக இறங்கியிருந்தாலோ கீழ்த்தளத்தில் ஈரம் கண்டாலோ டைல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

ஆகவே எங்கள் பரிந்துரை பாதிக்குப் பாதி: வாட்டக் கலவைக்கு ஆள், பூச்சும் டைலும் கிரவுட்டும் நாமே. கழிப்பறைக் கோப்பையைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தாலும், வடிகாலை இடம் மாற்ற வேண்டியிருந்தாலும் பிளம்பர் இல்லாமல் தொடக்கூடாது. வீட்டில் ஒரே குளியலறைதான் என்றால் முழு வேலையையும் ஆளிடம் விட்டுவிடுங்கள், பக்கத்து வீட்டில் குளித்துக்கொண்டு கலவை காயக் காத்திருப்பது யாருக்கும் ஒத்துவராது.

கிரவுட்டில் சொதப்புவது சுலபம். தண்ணீர் கூடினால் காய்ந்தபின் பவுடராக உதிரும், நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். துடைக்கும் ஸ்பான்ஜைப் பிழிந்து பிழிந்து, டைலுக்குக் குறுக்குவாட்டில் இழுக்க வேண்டும், இடைவெளியோடு நெடுக இழுத்தால் கிரவுட்டைத் தோண்டி எடுத்துவிடும். தரை சுவரைத் தொடும் ஓரத்தில் கிரவுட் வேண்டாம், அங்கே 5 மி.மீ. விட்டு சிலிக்கான் அடைக்க வேண்டும். அந்த ஓரத்தில் கிரவுட் கீறல் விடாமல் நின்றால் அதிசயம்.

முழு வேலையும் ஆளிடம் போனால் கூலியில் ஒரு பகுதியைக் கிரவுட் காயும்வரை நிறுத்தி வையுங்கள். காய்ந்தபின் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலின் நாலு மூலையையும் நடுவையும் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்காமல் பொத்தென்று கேட்பவற்றில் பென்சிலால் புள்ளி வையுங்கள். பிறகு கதவோரம் ஒரு வாளி தண்ணீரைச் சாய்த்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால், வடிகாலைத் தவிர வேறெங்கும் குளம் தேங்கியிருக்கக் கூடாது.