புதிய பிக்கப்புக்கு ஸ்டீயரிங், வீல் பேரிங் மாற்றச் சொல்கிறார்களா? ஹூஸ்டன் பகுதியினருக்கு ஓர் எச்சரிக்கை

டெக்சஸில் டிரெய்லர் இழுப்பதற்காகக் கனரக பிக்கப் வாங்கியவர்களிடம், முன் அச்சின் ஸ்டீயரிங் பாகங்களையும் வீல் பேரிங்குகளையும் வண்டி புதிதாக இருக்கும்போதே மாற்றிவிடும்படி வற்புறுத்தும் பட்டறைகள் பல உண்டு. ஹூஸ்டனுக்கு மேற்கே அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் எனக்கு நேர்ந்ததை, எந்தப் பாகத்தில் என்ன செய்தார்கள் என்ற விவரத்தோடு எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என்னுடையது 4×4 ராம் 2500. இதன் முன்புறம் ஒரே திடமான அச்சு. ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் 4×4 வண்டிகளும் இப்படித்தான். செவ்ரலே, ஜிஎம்சி கனரக வண்டிகளில் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கும். திட அச்சு வண்டிகளில் ‘டெத் வாபிள்’ என்று ஒரு கோளாறு உண்டு. வேகமாகச் செல்லும்போது பாலத்தின் இணைப்பு போன்ற சிறு மேட்டில் ஏறினால், முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கி, வண்டியின் வேகத்தை நன்றாகக் குறைக்கும்வரை நிற்காது. ஒருமுறை அனுபவித்தவர் பணத்தைக் கணக்குப் பார்க்க மாட்டார் என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இதே பட்டறையில்தான் முதலில் 37 அங்குல டயர்களும், வண்டியின் பக்கவாட்டைத் தாண்டி வெளியே நீளும் சக்கரங்களும் போட்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் கேட்டி ஃப்ரீவே நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. சக்கரத்தை வெளியே தள்ளினால், கடப்பாரையின் நீளத்தைக் கூட்டினாற்போல, சாலையின் ஒவ்வோர் அடியும் பேரிங் மீதும் பால் ஜாயிண்ட் (சக்கரத்தை அச்சோடு இணைக்கும் உருண்டை மூட்டு) மீதும் கூடுதல் வலிமையோடு விழும். ஆகவே, நடுங்கும் வண்டியைக் கொண்டுபோனவுடன் சக்கரச் சமநிலையையும் டயர்க் காற்றழுத்தத்தையும் முதலில் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் இரண்டையும் தொடாமல், கம்பெனி ஸ்டீயரிங் பலவீனமானது என்றும், பேரிங்குகள் இப்போதே தேய்ந்துவிட்டன என்றும் சொன்னார்கள்.

ஆதாரமாகக் காட்டியவை பழைய செய்திகள். ராமின் அப்போதைய உரிமையாளரான ஃபியட் கிறைஸ்லர் மீது 2015-இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 10.5 கோடி டாலர் அபராதம் விதித்ததும், முன்புறப் பாகக் குறைபாடுள்ள பல லட்சம் வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வர நேர்ந்ததும் உண்மை. ஸ்டீயரிங் இணைப்புத் தண்டின் நட்டு தளரக்கூடும் என்று 2019 தொடக்கத்தில் ஏறத்தாழ 6.6 லட்சம் கனரக ராம்கள் பழுதுநீக்கத் திரும்ப அழைக்கப்பட்டதும் உண்மைதான். ஆனால் அவை முந்தைய தலைமுறை வண்டிகள். அதே நிர்வாகத்தின் தளத்தில் வண்டியின் 17 இலக்க வின் எண்ணை (வண்டி அடையாள எண்) இட்டால், அந்த வண்டிக்கு நிலுவையில் ஏதேனும் அழைப்பு உண்டா என்பது உடனே தெரிந்துவிடும். என் வண்டிக்கு ஒன்றும் இல்லை. அதைக் காட்டியதும் பேச்சு பேரிங்குக்குத் தாவியது.

முதலில், கையால் பூட்டித் திறக்கும் ஹப்புகளை (பேரிங் அமைந்த சக்கர மையப் பாகம்) கொண்ட மாற்றுத் தொகுப்பைப் போட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்றார்கள். என் வண்டியில் இரு சக்கர இயக்கத்தில் ஓடும்போது முன் அச்சைத் துண்டிக்கும் அமைப்பு ஏற்கெனவே இருப்பதால், முன்புறத் தண்டு வீணாகச் சுழல்வதில்லை. அப்படி எந்தத் துண்டிப்பும் இல்லாத பழைய ராம்களுக்குத்தான் அந்தத் தொகுப்பு பெரும் பலன் தரும். நான் மறுத்ததும், ஸ்டீயரிங் ஆட்டத்தைத் தணிக்கும் இரட்டை டேம்பர், தடித்த இணைப்புத் தண்டுகள், ஸ்டீயரிங் பாக்ஸுக்குத் தாங்கி, பெயர்பெற்ற நிறுவனத்தின் வலுவூட்டிய ஹப்புகள் என்று ஒரு கட்டாகச் சேர்த்து விலை சொன்னார்கள். அந்தக் கட்டுக்குத்தான் பணம் கட்டினேன்.

சில வாரங்கள் நடுக்கம் இல்லை. டேம்பரின் வேலையே அதுதான். ஆட்டத்தின் காரணத்தை அது நீக்குவதில்லை, அது வெளியே தெரியாமல் அமுக்கி வைக்கிறது. பிறகு நடுக்கம் திரும்பியதோடு, ஏபிஎஸ் விளக்கும் வண்டி நிலைத்தன்மை விளக்கும் எரியத் தொடங்கின. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராமல் நின்றது. டீலரிடம் கொண்டுபோனால், வெளியார் பாகங்களால் வந்த கோளாறு என்று கைவிரித்தார்கள். வெளியார் பாகம் பொருத்தியதற்காக மட்டும் வாரண்டியை மறுக்கக் கூடாது என்று 1975 முதல் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாகமே கோளாறுக்குக் காரணம் என்று காட்ட முடிந்தால் மறுக்கலாம், என் விஷயத்தில் அவர்களால் காட்ட முடிந்தது.

வேறொரு மெக்கானிக் வண்டியை முறையாகச் சோதித்தார். சக்கரங்கள் தரையில் இருக்க, என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இருபுறமும் அசைக்க, அவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்து பேரிங்கையும் பால் ஜாயிண்டையும், பக்கவாட்டில் பிடித்து அசைத்து டை ராடையும் (இரு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் தண்டு) சோதித்தார். சிறிது நேரத்தில் முடியும் இந்தச் சோதனையை முதல் பட்டறை ஒருமுறைகூடச் செய்யவில்லை.

அவர் கண்டது இது: டிராக் பார் (முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) வண்டியின் அடிச்சட்டகத்தோடு சேரும் இடத்து போல்ட் முழுமையாக முறுக்கப்படவில்லை; டயர் ஒன்று சமநிலையில் இல்லை. ஆரம்ப நடுக்கத்துக்கு இந்த இரண்டே போதும் என்றார். ஸ்டீயரிங் பாக்ஸின் சரிசெய்யும் திருகை அளவுக்கு மீறி இறுக்கியிருந்ததால்தான் ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பவில்லை. புதிய தண்டுகளைப் போட்டபின் சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்ததற்கான அறிகுறியே இல்லை. பில்லில் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயர் இருக்க, கழற்றிய ஹப்புகளில் எந்த நிறுவனத்தின் முத்திரையும் இல்லை. ஏபிஎஸ் விளக்கு எரிந்ததற்கு அவற்றின் சென்சார் தந்த தாறுமாறான சமிக்ஞைதான் காரணம்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. என் வண்டியிலிருந்து கழற்றிய ஹப்புகளும் இணைப்புத் தண்டுகளும் ஏறத்தாழப் புதியவை. அவற்றைக் கேட்டபோது, பழைய இரும்போடு போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். புது வண்டியிலிருந்து எடுத்த கம்பெனிப் பாகங்களை இங்கே யாரும் இரும்புக்கடைக்குப் போடுவதில்லை. அவற்றுக்கென்றே நல்ல விலை கொடுக்கும் சந்தை உண்டு. ஆக, எனக்கு முத்திரையற்ற ஹப்பைப் பெயர்பெற்ற பாகத்தின் விலைக்கு விற்று, என் நல்ல ஹப்பையும் எடுத்துக்கொண்டார்கள் என்றே கருதுகிறேன்.

2025 ஜனவரி முதல் டெக்சஸில் சொந்த உபயோக வண்டிகளுக்கு ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை என்பதால், இத்தகைய வேலையை இரண்டாவது ஆள் பார்த்துச் சொல்லும் வாய்ப்பும் குறைந்துவிட்டது. 37 அங்குல டயரோடு கரடுமுரடான பாதையில் ஓட்டுபவருக்கோ, முன்னால் பனித்தள்ளி மாட்டுபவருக்கோ தடித்த தண்டும் தாங்கியும் பயன்படும். அவர்களும், எந்த மூட்டில் எவ்வளவு ஆட்டம் என்பதை அளந்து எழுதித் தரும் இடத்தில் மட்டுமே வேலை கொடுப்பது நல்லது. கழற்றும் பாகங்கள் எனக்கே திரும்ப வேண்டும் என்ற வரி, வேலை தொடங்குமுன் கையெழுத்திடும் தாளிலேயே இருக்கட்டும். பொருத்துமுன் புதிய ஹப்பின் முத்திரையையும் பெட்டியையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். கணக்கு அறிக்கை வந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபித்ததால், பில்லில் உள்ள பொருள் தரப்படவில்லை என்ற அடிப்படையில் ஹப்புகளின் விலை திரும்பக் கிடைத்தது. கூலிக்கும் காணாமற்போன பாகங்களுக்கும், 20,000 டாலர் வரையிலான வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இந்தப் பகுதியில் வேறு யாருக்காவது முத்திரையில்லாத ஹப் மாட்டப்பட்டிருந்தால், அதைக் கழற்றி எறியாமல் பில்லோடு சேர்த்து வைத்திருங்கள். அந்த மனுவுக்கு அது உதவும்.