“அதே வாடகைக்குப் பெரிய டிரெய்லர்” என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்

ஜூன் கடைசியில், அரிசோனா வெயிலில் வீடு மாறக் கிளம்பியது என் முட்டாள்தனம். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில் பாதிக்கு நான் பொறுப்பில்லை. சொந்தப் பிக்கப்பில் வாடகை டிரெய்லரை மாட்டிக்கொண்டு வீடு மாற நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மனைவிக்கு ஃப்ளாக்ஸ்டாஃப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. ஃபீனிக்ஸிலிருந்து ஐ-17 நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறத்தாழ 145 மைல். என்னிடம் இருப்பது பழைய டொயோட்டா டகோமா, நாலு சிலிண்டர். 3,500 பவுண்டு வரை இழுக்கலாம் என்று கையேடு சொல்கிறது. அதைக் கணக்குப் பண்ணித்தான் 5-க்கு 8 அடி மூடிய டிரெய்லரை இரண்டு வாரம் முன்பே பதிவு செய்திருந்தேன். அது காலியாக 900 பவுண்டு இருக்கும். நிறைய ஏற்றினாலும் மொத்தம் 2,700-ஐத் தாண்டக் கூடாது.

காலை ஏழரைக்குப் போய் நின்ற இடம் ஒரு டயர் கடை. கம்பெனியின் சொந்தக் கிளை இல்லை, கமிஷனுக்கு டிரெய்லர் விடுகிற ஏஜென்ட். “உங்கள் சைஸ் இன்னும் திரும்பி வரவில்லை, 6-க்கு 12 தருகிறேன், வாடகை அதேதான்” என்றார். என் வண்டி இழுக்குமா என்று கேட்டேன். இதைவிடச் சின்ன வண்டியில் எல்லாம் கொண்டுபோகிறார்கள் என்றார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார், முகம் சுளித்தார், மறுபடி தட்டினார். காகிதம் வந்தது. வாசலில் வேன் ஓட்டுநரும் இரண்டு நண்பர்களும் காத்திருந்தார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெரிய டிரெய்லர் காலியாகவே சுமார் 1,900 பவுண்டு. பக்கவாட்டுத் தகட்டில் எழுதியே இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. அப்படியானால் என் வண்டிக்கு மிச்சம் 1,600 பவுண்டு. ஆனால் இடம் இருந்தால் யாராவது சும்மா விடுவார்களா? விற்றுவிடலாம் என்று வைத்திருந்த சோபா ஏறியது. கோயம்புத்தூரிலிருந்து வந்த கிரைண்டர் கல்லோடு ஏறியது. புத்தகப் பெட்டிகளைக் கடைசியில் கட்டியதால் அவை கதவோரமாக, அதாவது டிரெய்லரின் வாலில் போய் உட்கார்ந்தன. இது முழுக்க என் தப்பு. எடையில் 60 சதவீதம் முன்பாதியில் இருக்க வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது டிரெய்லரை வண்டியோடு மாட்டும் இணைப்பின் மேல், அழுத்த வேண்டும். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும்.

பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் ஏற்றம். என்ஜின் சூடாகாமல் இருக்க ஏசியை அணையுங்கள் என்று சாலையோரம் பலகையே வைத்திருக்கிறார்கள். அணைத்தோம். ஆக்சிலரேட்டர் தரையைத் தொட்டும் வேகம் 35 மைல். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்தின. வெப்ப முள் சிவப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. சன்செட் பாயிண்ட் ஓய்விடத்தில் பானெட்டைத் திறந்துவைத்து முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஏற்றத்தைக்கூட மன்னித்துவிடலாம். கேம்ப் வெர்டேவை நோக்கி இறங்கும் 6 சதவீதச் சரிவு இருக்கிறதே, அங்கேதான் உயிர் போய் வந்தது. வேகம் 60-ஐத் தொட்டபோது டிரெய்லர் இடதும் வலதுமாக வீச, பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இன்னும் கூடியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல் இருக்க வேண்டுமாம். ஆனால் சரிவில் வேகம் தானாக எங்கே குறையும்? உச்சியிலேயே கியரைக் குறைத்து மெதுவாக இறங்கியிருக்க வேண்டும். சரிவு லேசாகக் குறைந்த ஓர் இடத்தில் எப்படியோ அடங்கியது. மனைவி அடுத்த பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கேம்ப் வெர்டே பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். பிரேக் கருகிய நாற்றம். உதவி எண்ணைத் தேடி ஒப்பந்தக் காகிதத்தைப் புரட்டிய மனைவிதான் கேட்டாள்: “ஏங்க, இது நம்ம வண்டியா?” இழுக்கும் வாகனம் என்ற இடத்தில் ‘டொயோட்டா டண்ட்ரா’ என்று இருந்தது. டண்ட்ரா எங்கே, என் டகோமா எங்கே! ஒன்று யானை, ஒன்று கன்றுக்குட்டி.

உதவி எண்ணில் பேசியவர் அதே காகிதத்தைத்தான் திருப்பிப் படித்தார். வாகன விவரம் சரி என்று நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்; வரம்புக்கு மேல் இழுத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்புத் திட்டமும் செல்லாது. அங்கிருந்து ஃப்ளாக்ஸ்டாஃப் இன்னும் ஏறத்தாழ 4,000 அடி மேலே. என் வண்டியால் முடியாது. விடுதியில் தங்கினோம். மறுநாள் மனைவியோடு வேலை செய்யப்போகிறவர் ஒருவர் வி8 (எட்டு சிலிண்டர்) டிரக்கோடு வந்து, புத்தகங்களை முன்னால் மாற்றி வைத்து இழுத்துப்போனார். முன்பின் தெரியாத மனிதர், பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

ஒருநாள் தாமதம் என்று டிரெய்லருக்குக் கூடுதல் வாடகை பிடித்தார்கள். டகோமாவின் கியர்பாக்ஸ் ஆயில் கருத்துப்போயிருந்தது, மாற்ற 280 டாலர்.

ஒரு வாரம் கழித்து ஏஜென்ட்டையே தொலைபேசியில் பிடித்தேன். மனிதர் மறைக்கவே இல்லை. “டகோமா என்று போட்டால் கம்ப்யூட்டர் அந்த டிரெய்லரை விடவில்லை. உங்களுக்கு அவசரம் என்று சொன்னீர்களே” என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்தவர் மாதிரி.

ஒப்பந்தத்தின் நகல், டிரெய்லர் தகட்டின் படம், கியர்பாக்ஸ் பில் மூன்றையும் இணைத்து அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன். அதுவரை, இந்த வாரம் டிரெய்லர் எடுக்கப் போகிறவர்கள் காகிதத்தில் உங்கள் வண்டியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கவுண்டரிலேயே நின்று பார்த்துவிடுங்கள். வேன் ஓட்டுநர் காத்திருக்கட்டும்.