பில்லில் ரெய்டு 5, பாக்ஸுக்குள் ரெய்டு 0

நாலு ஹார்டு டிஸ்கை ஒரு பாக்ஸில் சேர்த்து ஒரே டிரைவாக்கித் தரச் சொல்லி யாரிடமாவது வேலை கொடுத்திருக்கிறீர்களா? காசை எண்ணிக் கொடுக்கும் முன் விண்டோஸ் என்ன அளவு காட்டுகிறது என்று பாருங்கள். இப்படிச் சேர்ப்பதற்கு ரெய்டு என்று பெயர்; அதில் ரெய்டு 5 என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா தப்பிக்கும் வகை. 4 டிபி டிஸ்க் நாலு போட்டு ரெய்டு 5 அமைத்தால், ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்கு, அதாவது செத்த டிஸ்கில் இருந்ததை மீட்டெடுக்க உதவும் பதிவுக்கு, போய்விடும். மிச்சம் 12 டிபி, விண்டோஸ் கணக்கில் சுமார் 10.9 டிபிதான் தெரியும். 14.5 தெரிந்தால் அது ரெய்டு 5 இல்லை.

எனக்கு 14.5 தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "புது மாடல் பாக்ஸ் சார், இடம் வேஸ்ட் ஆகாது. ஒண்ணு போனாலும் மத்த மூணு பார்த்துக்கும்" என்றார் சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர். பில்லில் 'ரெய்டு 5 செட்டிங்' என்று தனி வரி போட்டு அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். முகூர்த்த சீசன் நடுவில் பாக்ஸில் மூன்றாவது விளக்கு சிவப்பானது, உள்ளே டக் டக்கென்று சத்தம். டிரைவைத் திறந்தால் ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. கடைக்குப் போன் போட்டால், "கொடுங்க சார், சரியாயிடும்" என்கிறார்! நல்லவேளை, கொடுக்கவில்லை.

டேட்டா ரெக்கவரி செய்பவர் டிஸ்குகளைத் தனித்தனியாகப் படித்துக் காட்டினார். பாரிட்டி மருந்துக்குக்கூட இல்லை. சுத்தமான ரெய்டு 0, பாதுகாப்பே இல்லாத வகை. இதில் ஒவ்வொரு வீடியோவும் துண்டு துண்டாக நாலு டிஸ்கிலும் சிதறிக் கிடக்கும். ஒன்று போனால் மற்ற மூன்றில் இருப்பதும் குப்பை. இனி செத்த டிஸ்கை தூசி இல்லாத கிளீன் ரூமில் பிரித்து, அதே மாடல் டிஸ்கிலிருந்து டேட்டாவைப் படிக்கும் ஹெட்டை எடுத்து மாற்றிப் பார்க்க வேண்டுமாம். அவர் சொன்ன தொகைக்கு இரண்டு புது பாக்ஸ் வாங்கலாம்.

இன்னொன்றும் காட்டினார். 'புதுசு' என்று கவரில் சீல் போட்டு வந்த இரண்டு டிஸ்கின் ஸ்மார்ட் கணக்கில் (டிஸ்க் தன் ஓட்டத்தைத் தானே எழுதிவைக்கும் பதிவு) 31 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். நிற்காமல் ஓடினாலும் மூன்றரை வருடம். இந்தக் கணக்கைப் பூஜ்யமாக்கியும் விற்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் பழைய சீகேட் டிஸ்குகளைப் புதிதென்று விற்ற விவகாரத்தில், ஸ்மார்ட்டை அழித்திருந்தும் ஃபார்ம் என்ற உள்பதிவுதான் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. சீகேட் வாங்கினால் ஸ்மார்ட், ஃபார்ம் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பில் போடும் முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். காலி பாக்ஸில் ஒரு வீடியோவை ஏற்றிவிட்டு, ஒரு டிஸ்கை உருவச் சொல்லுங்கள். ரெய்டு 5 என்றால் எச்சரிக்கை வரும், ஆனால் வீடியோ ஓடும். திரும்பச் சொருகினால் ரீபில்ட் ஆக, அதாவது அந்த டிஸ்கை மறுபடி நிரப்ப, நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். கடைக்காரர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

"பேக்கப் வெச்சிருக்கணும் சார்" என்பதுதான் இப்போது எனக்கு விற்ற கடைக்காரரின் வாதம். ரெய்டு பேக்கப் ஆகாது, சரிதான். அதற்காக ரெய்டு 5 பில்லுக்கு ரெய்டு 0 கொடுக்கலாமா? பில் நகலோடு நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் உண்டு. நோட்டீஸ் போனதும் கடைக்காரர் சமாதானத்துக்கு வருகிறார்: போன டிஸ்குக்குப் பதில் வேறொன்று தருகிறாராம், சீல் பிரிக்காததாம்.